பென்சிலால் திருத்திய டீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஹெச்.எம். பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். வாத்தியார்கள் நாங்கள் சிவப்பு மையில் விடைத்தாள் திருத்துவோம். எட்டாவது, ஒன்பதாவதுக்குக் கணக்கு எடுத்த டீச்சர் மட்டும் பென்சிலால் திருத்துவார். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஏன் என்று கேட்டுவிட்டேன்.

“நான் போட்டது தப்பா இருந்தா அழிக்கணும் இல்ல சார்” என்றார்.

புதிதாக வந்தவனைக் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கிண்டல் இல்லை என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது.

எண்பதுகளின் கடைசியில் விருத்தாசலத்துக்கு வந்தேன். ஆறாவது, ஏழாவதுக்கு நான் கணக்கு வாத்தியார். டீச்சருக்கு என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கலாம். குள்ளமான உருவம், வேகமான நடை. யோசிக்கும்போது பென்சில் பிடித்த விரலால் நெற்றியைத் தேய்ப்பார். மத்தியானத்துக்குள் நெற்றியில் கரி படிந்துவிடும். பிள்ளைகள் யாரும் சிரிப்பதில்லை. பழகிப்போயிருந்தது.

அவரிடம் ஒரு நீளமான நோட்டு இருந்தது. பிள்ளைகள் போடும் தப்பான விடைகளை அதில் எழுதி வைப்பார். சரியான விடை ஒன்றுகூட அதில் கிடையாது. தப்பைக் கண்டால் நாங்கள் சுழித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவோம். அவர் நிறுத்திவிடுவார். “இது எங்கிருந்து வந்துச்சு?” என்பார். அந்தப் பையனையோ பெண்ணையோ இன்டர்வெலில் கூப்பிட்டுக் கேட்காமல் விடமாட்டார்.

ஒரு நாள் அந்த நோட்டை என் முன்னால் வைத்தார். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று ஒரு பையன் எழுதியிருந்தான். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டான். எல்லா வகுப்பிலும் எல்லா வருஷமும் வருகிற தப்புதான்.

“முட்டாப்பய” என்றேன்.

“நானும் அப்படித்தான் நெனைச்சேன். கூப்பிட்டு கேட்டா அவன் சொல்றான், ‘கிரிக்கெட்டுல நான் மொதல்ல ரெண்டு பால்ல ஒரு பாலை அடிச்சேன் டீச்சர். அப்புறம் மூணு பால்ல ஒண்ணு அடிச்சேன். மொத்தம் அஞ்சு பால்ல ரெண்டுதானே அடிச்சிருக்கேன்?’ங்கிறான். அவன் சொல்றது சரிதானே சார்? அது கூட்டல் இல்ல, வேற ஏதோ ஒண்ணு. அது என்னான்னு ஒரு வாரமா யோசிச்சிக்கிட்டு இருக்கேன்.”

“மார்க்கு எவ்ளோ போட்டீங்க?”

“சைபர்தான்.”

அதுதான் எனக்கு விளங்காதது. இரக்கத்தில் கேட்கிறார் என்றால் மார்க்கும் போடவேண்டும். மார்க் போடமாட்டார், கேட்காமலும் இருக்கமாட்டார்.

பொதுத்தேர்வுத் தாள் திருத்தும் முகாமுக்கு ஒரு தடவை ஆள் பற்றாமல் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய ஹாலில் வரிசையாக மேஜைகள். ஒரு நாளைக்கு இத்தனை தாள் என்று கணக்கு. விடைக்குறிப்பு அச்சடித்துக் கொடுத்திருப்பார்கள், அதன்படி போட்டுக்கொண்டே போகவேண்டும். டீச்சர் அங்கே இன்னொரு ஆள் போல இருந்தார். அன்றைக்கு அவர் கையில் சிவப்புப் பேனா. ஒரு தாளில்கூட நிற்கவில்லை. டீ குடிக்கப் போனபோது, “இன்னிக்கு எதுவும் எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்கலையா?” என்றேன்.

“யார்கிட்ட கேக்குறது? அந்தப் புள்ள எந்த ஊர்ல இருக்குதோ. நான் இங்க என் இஷ்டத்துக்கு அரை மார்க்கு கூடப் போட்டா, அடுத்த டேபிளுக்குப் போன புள்ளைக்கு அது கெடைக்காது. இங்க குறிப்புதான் சார் நியாயம்.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் அந்த நியாயத்தில் வளர்ந்தவன். சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. அப்பா பானையும் கூரை ஓடும் செய்தவர். எங்கள் ஸ்கூலில் ஒரு வாத்தியார், நான் என்ன எழுதினாலும் நாற்பதைத் தாண்டி மார்க் போடமாட்டார். மண்ணு மிதிக்கப் போறவனுக்கு நாப்பது போதும் என்று வகுப்பில் சத்தமாகவே சொல்லுவார். பொதுத்தேர்வில் என் தாள் சீல் வைத்த உறையில் எங்கோ போயிற்று. யாரோ ஒருவர் என் நம்பரை மட்டும் பார்த்துத் திருத்தினார். எண்பத்தேழு வந்தது. அவர் யார் என்று எனக்குத் தெரியாது. நான் யார் என்று அவருக்கும் தெரியாது. அதனால்தான் நான் வாத்தியார் ஆனேன். சீல் வைத்த உறையை யார் குறை சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

டீச்சர் குறை சொல்லவில்லை. தன்னையேதான் சோதித்துப் பார்த்தார். ஒரு அரையாண்டுக்குப் பிறகு, எட்டாவது வகுப்புத் தாள்களைத் திருத்தி மார்க்கைத் தனியாகக் குறித்துக்கொண்டு, தாள்களில் போட்ட பென்சில் எல்லாவற்றையும் ரப்பரால் அழித்தார். ஒரு மாதம் கழித்து, பெயர் தெரியாதபடி முன்பக்கத்தை மடித்துவிட்டு, அதே தாள்களை மறுபடி திருத்தினார். இரண்டு பட்டியலையும் ஸ்டாஃப் ரூம் மேஜையில் பரப்பி வைத்தார். ஒரு பையனுக்கு முதலில் அறுபத்திரண்டு, பிறகு நாற்பத்தொன்பது. ஒரு பெண்ணுக்கு முப்பத்தெட்டு ஐம்பத்தொன்று ஆகியிருந்தது.

“கையெழுத்து அழகா இருந்தா ஒரு ஸ்டெப்பு விட்டிருந்தாலும் போட்டிருக்கேன். கோழிக் கிறுக்கலா இருந்தா சரியான ஸ்டெப்பையே நான் பாக்கல. நல்லா படிக்கிறவன்னு பேரு தெரிஞ்சா, தப்பையும் சரியாவே படிச்சிருக்கேன் சார்” என்றார். வெட்கப்படவில்லை. ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி கண்கள் விரிந்திருந்தன.

தமிழய்யா சிரித்தார். “கணக்குலகூடவா அம்மா?”

“கணக்குலதான் அய்யா!”

நான் யாரிடமும் சொல்லாமல் வூட்டில் அதைச் செய்து பார்த்தேன். ஏழாவது வகுப்புத் தாள்கள். முதலில் ஒரு சீட்டில் மட்டும் மார்க் எழுதிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து, பெயரை மடித்துவிட்டு, சீட்டைப் பார்க்காமல் சிவப்பு மையில் திருத்தினேன். ஒரு பையனுக்குப் பதினோரு மார்க் வித்தியாசம். அவன் குயவர் தெருப் பையன். முதல் தடவை அவனுக்குக் கூடப் போட்டிருந்தேன். என் ஆள் என்று போட்டேனா? தெரியவில்லை. அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டேன். டீச்சராக இருந்தால் மேஜையில் பரப்பியிருப்பார்.

அதற்குப் பிறகு அவர் எந்தத் தாளையும் பெயரை மடித்துத்தான் திருத்தினார். அவரைப் பற்றி எழுதுகிற இந்த இடத்தில் நானும் அவர் பெயரை மடித்து வைக்கிறேன்.

இனி சொல்லப்போவது ஒரு பெண்ணைப் பற்றி. நான் வேலையில் சேர்ந்த வருஷம் அவள் எட்டாவது படித்தாள், அப்போதுதான் முதலில் பார்த்தேன். காலாண்டுக்கு எல்லா ஸ்கூலுக்கும் ஒரே வினாத்தாள் வந்திருந்தது. பன்னிரண்டு அடி நீளம், பத்து அடி அகலம் உள்ள அறைக்கு ஓரடிச் சதுர ஓடுகள் எத்தனை தேவை? நூற்றிருபது. இவள் வழி எதுவும் எழுதாமல் நூற்றிருபத்தாறு என்று மட்டும் எழுதியிருந்தாள். டீச்சர் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். “நூத்தி இருவது சரி. இந்த ஆறு எங்கிருந்து வந்துச்சு?”

இன்டர்வெலில் கூப்பிட்டார். ஒல்லியான பெண். யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள். டீச்சர் வராந்தாத் தரையில் உட்கார்ந்து அவளையும் பக்கத்தில் உட்கார வைத்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

“ஒடையும்ல டீச்சர்.”

“எது?”

“ஓடுதான். நூத்துக்கு அஞ்சு சேத்து வாங்கணும், இல்லைன்னா கடைசியில பத்தாதுன்னு எங்கம்மா சொல்லும். நூத்துக்கு அஞ்சுன்னா நூத்தி இருவதுக்கு ஆறு.”

அவள் அம்மா ஒரு செராமிக் யூனிட்டில் பேக்கிங் வேலை பார்த்தாள். உடைசலைப் பிரித்துப் போட்டுவிட்டு நல்லதை வைக்கோல் வைத்துக் கட்டுகிற வேலை. ஊருக்கு வெளியே பீங்கான் சில்லுக் குவியலைப் பார்த்த யாருக்கும் அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று தெரியும். வினாத்தாள் போட்டவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். டீச்சர் அந்த நோட்டில் ஒரு முழுப் பக்கம் எழுதினார். தாளில் சைபர் போட்டார். எல்லா ஸ்கூலுக்கும் பொதுவான தாள் ஆயிற்றே.

ஒன்பதாவது முழு ஆண்டுத் தேர்வில்தான் அவர் வேறு மாதிரி செய்தார்.

ஒன்பதாவது முழு ஆண்டு என்றால் எங்கள் ஸ்கூலில் எல்லோருக்கும் பயம். பத்தாவதில் பாஸ் சதவீதம் குறையக்கூடாது என்று ஹெச்.எம். சந்தேகப்பட்ட பிள்ளைகளை ஒன்பதிலேயே நிறுத்திவிடுவார். நிறுத்தினால் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. பெண் பிள்ளைகள் அடுத்த திங்கட்கிழமையே யூனிட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த வருஷம் பதினோரு பேர் பட்டியலில் இருந்தார்கள். இந்தப் பெண்ணின் கணக்குத் தாளில் மூன்று கணக்குத்தான் இருந்தது. மற்றதெல்லாம் வெற்றுப் பக்கம். மொத்தம் பன்னிரண்டு மார்க். ஆனால் மார்க் ரிஜிஸ்தரில் அவள் பெயருக்கு நேரே நாற்பத்தொன்று என்று இருந்தது. பென்சிலில்.

ஹெச்.எம். என்னையும் உட்கார வைத்துக்கொண்டு டீச்சரைக் கூப்பிட்டார். “என்னம்மா இது?”

“வாயால கேட்டேன் சார். பதில் சொன்னா.”

“பேப்பர்ல ஏன் எழுதல?”

“அதைத்தான் சார் நானும் தெரிஞ்சிக்கப் பாக்குறேன். கேள்வித்தாளைக் கையில குடுத்தா கை வேர்த்துப் போவுது. எழுத்து நகருதுங்கிறா. ஒவ்வொரு வார்த்தையா கூட்டிப் படிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிடுது. இது நம்ம ஸ்கூலு பரீட்சை. அவளுக்குக் கணக்கு தெரியுமா தெரியாதான்னுதானே கேக்குறோம்? பேப்பர் அதைச் சொல்லல. அதான் அவகிட்டயே கேட்டேன்.”

விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. மறுநாள் நல்லூரிலிருந்து ஒருவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். விவசாயி. அவருடைய மகனும் அந்தப் பதினோரு பேரில் ஒருவன். கத்தவில்லை. துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். “அந்தப் பொண்ணுக்கு வாயால கேட்டீங்களாம். எம் பையனுக்கு ஏங்க கேக்கல? மூஞ்சியப் பாத்து மார்க்கு போடுறதுன்னா, எங்க மூஞ்சியெல்லாம் உங்களுக்குத் தெரியாதுங்களே.”

டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஹெச்.எம்.மைப் பார்த்து, “அவரு கேக்குறது சரி சார். பதினோரு பேருக்கும் கேக்கணும். நான் கேக்கக் கூடாது” என்றார்.

“வேற யாரு?”

என்னைக் காட்டினார். “இவரு கேக்கட்டும். இவருக்கு உறை பிரிச்ச பேப்பரைத் தவிர எதுலயும் நம்பிக்கை இல்லை.”

நான் ஒரு நிபந்தனை போட்டேன். முகம் தெரியக்கூடாது. பேரும் தெரியக்கூடாது. ஒன்பதாவதில் யாருக்கும் நான் பாடம் எடுத்ததில்லை, குரலை வைத்தும் சொல்லமுடியாது. ஸ்டாண்டு போர்டை நடுவில் நிறுத்தி இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பிள்ளைகள் நம்பர் போட்ட சீட்டோடு. ஆளுக்குப் பத்துக் கேள்வி, எல்லோருக்கும் அதே பத்து. நாலு சொன்னால் பாஸ். நல்லூர்க்காரர் தலையாட்டினார். ஹெச்.எம்.முக்கும் பிடித்திருந்தது. டீச்சர் மட்டும், “போர்டு வேணுமா சார்?” என்றார். வேண்டும் என்றேன்.

பத்துப் பேர் வந்துபோனார்கள். ஆறு பேர் நாலுக்கு மேல் சொன்னார்கள். நல்லூர்ப் பையன் ஐந்து சொன்னான் என்று பிறகு தெரிந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்த ஆறு பேரையும் நாங்கள் கணக்கு வராதவர்கள் என்று எழுதி வைத்திருந்தோம்.

கடைசியாக வந்த நம்பர் பேசவில்லை. முதல் கேள்வி கேட்டேன். மௌனம். இரண்டாவது கேட்டேன். போர்டுக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு கால் விரல் இன்னொன்றின் மேல் ஏறி அழுத்திக்கொண்டிருந்தது. பத்தையும் கேட்டு முடித்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. பத்து சைபர் போட்டேன்.

எழுந்து போர்டைச் சுற்றி வந்தேன். அவள்தான். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“ஏம்மா பேசல?”

“யாரு கேக்குறாங்கன்னே தெரியாம எப்படி சார் சொல்றது?”

அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று தெரியாது. கிழித்துப் போட்ட சீட்டு ஞாபகம் வந்தது என்று இப்போது சொன்னால் பொய்யாகிவிடும். தெரிந்துகொள்ளவேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். அதே பத்துக் கேள்விகளை முதலிலிருந்து கேட்டேன். நூற்றைம்பது ஜாடியில் நூற்றுக்கு எட்டு வீதம் உடைந்தால் மிச்சம் எவ்வளவு என்பது மூன்றாவது கேள்வி.

“நூத்தி முப்பத்தெட்டு.” கேள்வியை முடிப்பதற்குள் சொன்னாள். கொஞ்சம் நிறுத்தி, “நூத்துக்கு எட்டு ஒடைஞ்சா சூளையையே நிறுத்திடுவாங்க சார்” என்றாள்.

பத்தில் எட்டு சொன்னாள்.

ஹெச்.எம். அறையில் நடந்ததை அப்படியே சொன்னேன். போர்டுக்குப் பின்னால் சைபர், நேரே பார்த்துக் கேட்டபோது எட்டு. டீச்சர், “ரெண்டையும் எழுதி வைக்கலாம் சார். ரெண்டும் உண்மைதானே?” என்றார்.

“ரிஜிஸ்தர்ல ஒரு கட்டம்தான்மா இருக்கு” என்றார் ஹெச்.எம். என்னைப் பார்த்தார். “நிபந்தனை போட்டது நீங்க. மத்த பத்துப் பேரையும் நேரா பாத்துக் கேட்டீங்களா?”

இல்லை என்றேன். வேறு என்ன சொல்லமுடியும்? ஆறு பேர் பத்தாவது போனார்கள். அவள் நின்றாள்.

அன்று சாயங்காலமே டீச்சர் அவள் வூட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். அம்மா அப்போதுதான் வேலைவிட்டு வந்திருந்தாள், கையில் வெள்ளைத் தூள் போகவில்லை. டீச்சர் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, பெண்ணை யூனிட்டுக்கு அனுப்பாமல் மறுபடி ஒன்பதாவதில் உட்கார வைக்கச் சொன்னார்.

“தெரியும்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் ஏன் நிறுத்துனீங்க?”

“நான்தான் சைபர் போட்டேன்” என்றேன்.

“நேரா பாத்துக் கேட்டப்ப எத்தன சொன்னா?”

“எட்டு.”

“அப்ப அந்த எட்டு எங்க சார் போச்சு?”

டீச்சர் சட்டென்று அந்த அம்மாவைப் பார்த்தார், தன் கேள்வியை இன்னொருவர் கேட்டுவிட்டது போல. ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில், “ஒரு வருஷம் பாக்குறேன். ஒரே வருஷம்” என்றாள் அம்மா.

அந்த வருஷம் டீச்சர் அவளுக்குப் புதிதாகக் கணக்கு எதுவும் சொல்லிக் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. தினமும் ஸ்கூல் விட்டதும் அரைமணி நேரம், ஒட்டிய உறை ஒன்றைக் கொடுப்பார். அவளே பிரித்து, உள்ளே இருக்கும் ஒரு கணக்கைப் படித்து எழுதவேண்டும். முதல் மாதம் பக்கத்தில் உட்கார்ந்தார். வரிக்குக் கீழே அட்டை வைத்துப் படிக்கச் சொன்னார், எழுத்து நகராமல் நின்றது. அடுத்த மாதம் வாசல்படியில் உட்கார்ந்தார். பிறகு வராந்தாவில். பிறகு கண்ணில் படாத தூரத்தில். கடைசியில் என்னிடம் வந்தார். “இப்ப நீங்க வந்து சூப்பர்வைசரா நில்லுங்க சார். உங்களைப் பாத்தாதான் அவளுக்கு ரொம்ப பயம்.” நின்றேன். பத்தாவது முடிகிறவரை வாரத்துக்கு இரண்டு நாள் நின்றேன்.

பத்தாவது மார்க் ஷீட் வந்த வாரம், டீச்சருக்குத் திட்டக்குடிப் பக்கம் மாற்றல் உத்தரவும் வந்திருந்தது. அந்தப் பெண்ணும் அம்மாவும் வந்தார்கள். கணக்கில் ஐம்பத்திரண்டு. ஆபீஸ் வாசலில் டீச்சர் அதை வாங்கிப் பார்த்தார். வாழ்த்துச் சொல்லுவார் என்று நினைத்தேன்.

“ஒன்பதாவதுல நின்னியே, அப்ப உனக்குக் கணக்கு எவ்ளோ தெரியும்? இப்ப அதைவிட கூடத் தெரியுதா?” என்று கேட்டார்.

பெண் நன்றாக யோசித்தாள். “கொஞ்சம் கூடத் தெரியுது டீச்சர். ரொம்ப இல்ல. வேகமா படிக்க வருது. பயம் இருக்குது, ஆனா எழுத முடியுது.”

“உனக்கு ஒரு வருஷம் வீணாப் போனது என்னாலதான்மா” என்றேன். இரண்டு வருஷமாகச் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தது.

“பரவால்ல சார். அப்பவே பத்தாவது வந்திருந்தா ஃபெயிலாயிருப்பேன்.”

“பரவால்லன்னு அவ சொல்லுவா” என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. “கூடப் படிச்சதுங்க எல்லாம் இப்ப பன்னெண்டாவது போவுது. தெரிஞ்சும் ஒரு வருஷம் நின்னா. அதை நான் பரவால்லன்னு சொல்லமாட்டேன்.”

டீச்சர் மறுத்துப் பேசவில்லை. “நாங்க என்னா பண்ணியிருக்கணும்? சொல்லுங்க” என்றார். சமாதானத்துக்குக் கேட்ட கேள்வி இல்லை. பதில் இருந்தால் தெரிந்துகொள்ளலாம் என்று கேட்டார்.

“எல்லாப் புள்ளையையும் எதிர்ல உக்கார வச்சிக் கேட்டிருக்கணும். அந்தப் போர்டு எதுக்கு?” என்றாள் அம்மா. “போயிட்டு வரோம்” என்று மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவர்கள் கேட்டைத் தாண்டும்வரை டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உங்க கிளாஸ்ல எத்தன பேரு சார்?”

“நாப்பத்தஞ்சு.”

“ஆளுக்கு இருவது நிமிஷம் உக்காந்து கேட்டா?”

மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். “பதினஞ்சு மணி நேரம் ஆவும் டீச்சர்.”

“பதினஞ்சுதானா?” என்றார்.